அட்டையின் முகப்பில் இருக்கும் நிமிடங்களும் அம்மா பேசிய நிமிடங்களும்

கேள்வி: எழுபத்தாறு வயதான என் அம்மா கனடாவின் ஸ்காபரோவில் எங்களுடன் வசிக்கிறார். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் இருக்கும் சின்னம்மாவுடன் வாரத்தில் ஓரிரு தடவை பேசாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. இருவரிடமும் திறன்பேசி இல்லை. அம்மாவுக்குக் கண்பார்வை குறைவு என்பதால் அதைப் பழக்கவும் முடியவில்லை. முன்பு தம்பி கணினியில் ஸ்கைப் மூலம் இணைத்துக் கொடுப்பான், அதுவும் நின்றுவிட்டது. இப்போது பலசரக்குக் கடையில் ஐந்து டொலர் தொலைபேசி அட்டை வாங்குகிறோம். இலங்கைக்கு 31 நிமிடம் என்று போட்டிருக்கிறது. ஆனால் மூன்று அழைப்புடன் அட்டை முடிந்துவிடுகிறது. "அட்டைக்காரன் களவெடுக்கிறான்" என்கிறார் அம்மா. அம்மாவின் குறிப்புப் புத்தகத்தையும் அட்டையின் பின்புறத்தையும் படம் பிடித்து அனுப்பியுள்ளேன். எந்த அட்டையை வாங்குவது, கடையிலா இணையத்திலா?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு குறிப்பிட்ட அட்டையின் பெயரைச் சொல்லி அதை வாங்குங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரே பெயரில், ஒரே படத்துடன் வெளிவரும் அட்டைக்குக்கூட இந்த மாதம் ஒரு கட்டணமும் அடுத்த மாதம் வேறொரு கட்டணமும் இருப்பதை, தொலைபேசி நிறுவனங்களின் கட்டணக் கணக்குப் பிரிவில் பதினாறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நான் நன்கு அறிவேன். ஆனால், பொதுவாக இத்தகைய கேள்வி கேட்பவர்கள் அனுப்பாத இரண்டு பொருள்களை நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள்: அட்டையின் பின்புறப் படம் ஒன்று, ஒவ்வொரு அழைப்பும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து அம்மா எழுதி வைத்த பக்கம் மற்றொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, அம்மாவின் சந்தேகம் முழுவதும் தவறானதல்ல என்பதும், இந்தக் களவு அட்டையின் முதுகில் அச்சிடப்பட்டே நடக்கிறது என்பதும் தெளிவாகிறது.

அட்டையின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் மூன்று விபரங்கள் உள்ளன. ஒவ்வொரு அழைப்புக்கும் 49 சதம் இணைப்புக் கட்டணம். பேசும் நேரம் மூன்று மூன்று நிமிடங்களாகக் கணக்கிடப்படும். முதல் அழைப்புக்குப் பிறகு வாரந்தோறும் 79 சதம் பராமரிப்புக் கட்டணம். முகப்பில் இருக்கும் 31 நிமிடம், ஐந்து டொலரை நிமிடத்துக்கு 16 சதத்தால் வகுத்துக் கிடைத்த எண் மட்டுமே. மேற்சொன்ன மூன்றும் அதில் சேரவில்லை.

இனி அம்மாவின் பக்கத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை ஏழு நிமிடம் பேசியிருக்கிறார். அது ஒன்பது நிமிடமாகக் கணக்கிடப்பட்டு 1 டொலர் 44 சதமும், இணைப்புக்கு 49 சதமும் கழிந்தன; மீதி 3 டொலர் 7 சதம். புதன்கிழமை அழைத்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்து, சின்னம்மா கோவிலுக்குப் போயிருப்பதாகச் சொல்ல, இரண்டு நிமிடத்தில் அம்மா வைத்துவிட்டார். அந்த இரண்டு நிமிடத்துக்கு மூன்று நிமிடக் கட்டணமும் இணைப்புக் கட்டணமுமாக 97 சதம் போய்விட்டது. அடுத்த ஞாயிறன்று யாரும் தொலைபேசியைத் தொடாமலேயே 79 சதம் கழிந்து, 1 டொலர் 31 சதம் மிஞ்சியது. செவ்வாய்க்கிழமை அழைத்தவுடன் இணைப்புக்கு 49 சதம் போக, மீதியில் ஒரு மூன்று நிமிடத் துண்டுக்குத்தான் பணம் இருந்தது; அதனால் சரியாக மூன்றாவது நிமிடத்தில் பேச்சு அறுந்தது. அம்மா அந்த வரிக்குப் பக்கத்தில் "கதை முடிய முதல் வெட்டிப் போட்டான்" என்று எழுதியிருக்கிறார். அட்டையில் இன்னும் 34 சதம் இருக்கிறது, ஆனால் அது எதற்கும் போதாது; அடுத்த வாரப் பராமரிப்புக் கட்டணம் அதையும் எடுத்துக்கொள்ளும்.

ஆக, 31 நிமிட அட்டையில் அம்மா பேசியது 12 நிமிடம். ஐந்து டொலரைப் பன்னிரண்டால் வகுத்தால், அவர் உண்மையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சதம் கொடுத்திருக்கிறார். ஒரே மூச்சில் பேசித் தீர்த்திருந்தால் 31 நிமிடமும் கிடைத்திருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். அப்போதும் கிடைத்திருக்காது. இணைப்புக் கட்டணம் போக எஞ்சும் பணத்தில் ஒன்பது துண்டுகள், அதாவது 27 நிமிடம்தான் தேறும்.

இதே அம்மாவுக்கு, நிமிடத்துக்கு 24 சதம் என்று முகப்பிலேயே போட்டிருக்கும், வேறு எந்தக் கட்டணமும் இல்லாத, ஒவ்வொரு நிமிடமாகக் கணக்கிடும் ஓர் அட்டை கிடைத்திருந்தால், அந்த மூன்று அழைப்புகளுக்கும் 2 டொலர் 88 சதம்தான் போயிருக்கும். இன்னும் எட்டு நிமிடம் மிச்சமிருக்கும். கடையில் இரண்டு அட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால், பெரும்பாலானோர் 16 சத அட்டையைத்தான் எடுப்பார்கள். இணைப்புக் கட்டணமும் துண்டுக் கணக்கும் உள்ள அட்டை, மாதத்தில் ஒருமுறை நீண்ட நேரம் பேசுபவருக்கு ஓரளவு பொருந்தலாம். அடிக்கடி எடுத்து, சுகம் விசாரித்து, ஐந்து பத்து நிமிடத்தில் வைத்துவிடும் முதியவர்களுக்கு அதைப்போல நட்டமானது வேறில்லை. எனவே உங்கள் வீட்டுக்கான அட்டையில் நான் முதலில் பார்ப்பது இணைப்புக் கட்டணம் சுழியமா என்பதைத்தான். நிமிட விலை அதற்குப் பிறகுதான்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம், குடியேறியவர்களைக் குறிவைத்து இப்படிப் பொய்யான நிமிடக் கணக்குக் காட்டி அட்டைகளை விற்ற ஆறு நிறுவனங்களுக்கு 2015இல் தலா 50 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. சில டொலருக்கு நூற்றுக்கணக்கான நிமிடங்கள் என்று விளம்பரம் செய்யப்பட்ட அந்த அட்டைகளில், கட்டணங்கள் கழிந்தபின் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது அதில் ஒரு சிறு பகுதிதான் என்பதே குற்றச்சாட்டு.

உங்கள் கடிதத்தில் இன்னொரு ஆதங்கமும் இருந்தது. பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு அதே ஐந்து டொலரில் பல மணி நேரம் பேசக் கிடைக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டிருந்தீர்கள். இதில் அட்டைக்காரரைக் குறை சொல்ல இடமில்லை. வெளிநாட்டிலிருந்து போகும் ஓர் அழைப்பை இறுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் உள்நாட்டு நிறுவனத்துக்கு ஒரு முடிப்புக் கட்டணம் கொடுக்க வேண்டும். இந்தியாவில் அந்தக் கட்டணத்தை அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் நிமிடத்துக்கு 30 பைசா என்ற அளவுக்குக் குறைத்தது. பின்னர் சற்று ஏற்றியபோதும் அது பைசாக் கணக்கிலேயே நின்றது. இலங்கையிலோ முடிப்புக் கட்டணமே பல மடங்கு அதிகம். வெளிநாட்டு அழைப்புகளின்மீது அரசு அறவிடும் தீர்வையும் அதனுடன் சேர்கிறது. ஆகவே இலங்கைக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சதம் என்று யாராவது விற்றால், அவர் வேறு கட்டணங்களில் அதைப் பிடித்துக்கொள்கிறார், அல்லது அழைப்பைக் குறுக்கு வழியில் அனுப்புகிறார் என்றே கொள்ளுங்கள்.

குறுக்கு வழி என்று நான் சொல்வதைச் சற்று விளக்க வேண்டும். நீங்கள் அட்டையின் அணுகல் இலக்கத்தை, அதாவது முதலில் அழைக்க வேண்டிய அட்டை நிறுவனத்தின் தொலைபேசி இலக்கத்தை, அழுத்தியதும் அந்த நிறுவனத்தின் கணினி அட்டையில் மறைத்து அச்சிடப்பட்ட இரகசிய இலக்கத்தைச் சரிபார்த்து, மீதியைச் சொல்லி, சின்னம்மாவின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் குரலை இணைய வழியாக ஒரு மொத்த வியாபாரியிடம் ஒப்படைக்கிறது. அவர் இன்னொருவரிடம் ஒப்படைப்பார். யார் மலிவோ அவர் வழியாக அழைப்பு போகும். முறையான வழியில் போனால் அது இலங்கையின் அனுமதி பெற்ற நிறுவனமொன்றின் வெளிநாட்டு வாசலால் உள்ளே நுழையும். குறுக்கு வழியில் போனால், எங்கோ ஓர் அறையில் நூற்றுக்கணக்கான உள்ளூர் சிம் அட்டைகள் செருகப்பட்ட பெட்டி ஒன்றுக்கு இணையத்தால் வந்து, அங்கிருந்து உள்ளூர் அழைப்பைப்போல வெளியேறும். கட்டணமும் தீர்வையும் ஏய்க்கப்படுவதால் மலிவு, சட்டப்படி குற்றம். இதை அட்டை வாங்குபவர் நேரில் பார்க்க முடியாது என்றாலும் ஓர் அடையாளம் உண்டு. அடுத்த தடவை சின்னம்மாவிடம், தன் தொலைபேசியில் என்ன இலக்கம் தெரிந்தது என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் 07இல் தொடங்கும் புதிய புதிய உள்ளூர்க் கைத்தொலைபேசி இலக்கம் தெரிகிறது, குரல் விட்டுவிட்டு வருகிறது, அல்லது ஒரு பக்கத்துக்கு மட்டுமே கேட்கிறது என்றால், அந்த அட்டையை நான் இரண்டாம் தடவை வாங்க மாட்டேன். தெரியாத இலக்கம் என்று சின்னம்மா எடுக்காமல் விடும் அழைப்புகளும் இதனால் கூடும்.

எடுக்காத அழைப்புக்கும் காசு பிடிக்கிறார்களா என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சில வழிகளில், மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டதாகப் பொய்ச் சமிக்ஞை அனுப்பப்பட்டு நேரம் ஓடத் தொடங்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரே ஊருக்குப் போன அழைப்புகள் யாவும் மணி அடித்த கணத்திலேயே "பேச்சு தொடங்கியது" என்று பதிவாகியிருந்ததைக் கண்டு கேட்டபோது, அது மொத்த வியாபாரியின் பிழை என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வாடிக்கையாளருக்கு ஒரு சதமும் திரும்பவில்லை. சோதனை மிக எளிது. அணுகல் இலக்கத்துக்கு அழைத்து, இரகசிய இலக்கத்தைக் கொடுத்து, மீதி எவ்வளவு என்று குரல் சொல்வதைக் குறித்துக்கொண்டு, சின்னம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, அவர் எடுக்காதபடி நாலைந்து மணி அடிக்க விட்டு வையுங்கள். மீண்டும் அழைத்து மீதியைக் கேளுங்கள். குறைந்திருந்தால் விடயம் தெளிவு. புதிய வகை அட்டை எதையும் முதலில் மிகச் சிறிய தொகைக்கு ஒன்று மட்டும் வாங்கி, இந்தச் சோதனையைச் செய்து, பிறகு ஒரு சிறிய பேச்சுக்கு எவ்வளவு கழிகிறது என்று பார்த்த பின்னரே தொடர்ந்து வாங்குங்கள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஐந்தாறு அட்டைகளைச் சேர்த்து வாங்குவது கூடாது.

கடைக்காரரிடம் "இலங்கைக்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்டால் போதாது. முகப்பில் இருப்பது பெரும்பாலும் கொழும்புத் தரைவழித் தொலைபேசிக்கான விலையாக இருக்கும். யாழ்ப்பாணத்தின் 021 இலக்கத்துக்கு என்ன விலை, 07இல் தொடங்கும் கைத்தொலைபேசிக்கு என்ன விலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாமலிருந்தால் அதில் வியப்பில்லை. அவர் அரிசியும் மிளகாய்த்தூளும் விற்பவர். கடையில் நின்றபடியே, அட்டையின் பின்புறத்தில் உள்ள வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு உங்கள் கைத்தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். யாரும் எடுக்காத சேவை இலக்கமுள்ள அட்டையை வாங்குவதால் வரும் துன்பம் பிறகு ஒருநாள் நிச்சயம் தெரியும். அட்டையின் வண்ணப் பெயருக்கும் சேவை வழங்கும் நிறுவனத்தின் பெயருக்கும் தொடர்பே இருக்காது; பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள நிறுவனத்தின் பெயர்தான் முறைப்பாடு செய்ய உதவும். முதல் பாவனையிலிருந்து எத்தனை நாளில் காலாவதியாகும் என்பதையும், இரகசிய இலக்கத்தை மறைக்கும் வெள்ளிப்பூச்சு ஏற்கெனவே சுரண்டப்படவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையா இணையமா என்றால், உங்கள் அம்மாவுக்கு இணையக் கணக்குதான் பொருந்தும். அதற்கு நான் காட்டும் காரணம் விலையல்ல, அவருடைய கண்ணும் விரலும். இப்போது அவர் அணுகல் இலக்கத்துக்குப் பத்து, இரகசிய இலக்கத்துக்குப் பத்து, பிறகு வெளிநாட்டு அழைப்புக்கான 011, இலங்கைக்கான 94, அதன்பின் சின்னம்மாவின் ஒன்பது இலக்கம் என முப்பத்து நான்கு தடவை விசை அழுத்துகிறார். இருபத்தெட்டாவதில் பிழைத்தால் மீண்டும் முதலிலிருந்து. இணையத்தில் வாங்கும் முன்கொடுப்பனவுக் கணக்குகளில் உங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைப் பதிந்து வைக்க முடியும். அந்த இலக்கத்திலிருந்து அழைத்தால் இரகசிய இலக்கம் கேட்காது. பல நிறுவனங்களில் சின்னம்மாவின் இலக்கத்தையே ஒரு விசைக்குப் பதிந்துகொள்ளவும் வழியுண்டு. அணுகல் இலக்கத்தை வீட்டுத் தொலைபேசியின் நினைவகத்தில் போட்டுவிட்டால், அம்மா இரண்டு விசைகளை அழுத்தினால் போதும். அந்த விசைகளின்மேல் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்துக் கொடுங்கள். அழைப்புகளின் நேரமும் கழிந்த தொகையும் கணக்கில் தெரியும் என்பதால், அம்மாவின் குறிப்புப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

ஆனால் மூன்று எச்சரிக்கைகள். மீதி குறைந்தவுடன் கடனட்டையிலிருந்து தானாகவே மீள்நிரப்பும் வசதி பல இடங்களில் முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டிருக்கும். அதை நீக்கிவிட்டே பதிவு செய்யுங்கள். அணுகல் இலக்கத்தைத் தெரிவு செய்யும்போது 416 அல்லது 647இல் தொடங்கும் உள்ளூர் இலக்கத்தையே தெரிவு செய்யுங்கள். 1-800 போன்ற கட்டணமற்ற இலக்கத்துக்கு நிறுவனம் செலுத்தும் பணம் உங்கள் மீதியிலிருந்தே கூடுதலாகக் கழிக்கப்படலாம். மூன்றாவது மிக முக்கியம். அணுகல் இலக்கத்துக்கு அழைக்காமல், பழக்கத்தில் அம்மா நேரடியாக 011 என்று தொடங்கிவிட்டால், அந்த அழைப்பு அட்டையால் போகாது. வீட்டுத் தொலைபேசி நிறுவனத்தின் சாதாரண வெளிநாட்டுக் கட்டணத்தில் போய், மாத முடிவில் பற்றுச்சீட்டாக வந்து நிற்கும். திட்டம் எதுவுமில்லாத வீட்டுக்கு அந்தக் கட்டணம் மிகக் கடுமையானது. வீட்டுத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு நேரடி வெளிநாட்டு அழைப்பை முடக்கிவிடுங்கள். உள்ளூர் அணுகல் இலக்கத்துக்கு அழைப்பதை அது தடுக்காது.

ஸ்கைப்பை மைக்ரோசொஃப்ட் 2025 மே மாதத்தில் மூடிவிட்டது. ஆகவே தம்பி காட்டிய வழி இனிச் சரிவராது. வாட்ஸ்அப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தொலைபேசியில் மாதத்தில் ஒருநாள் முகம் பார்த்துப் பேச வைக்கலாம். மற்ற நாள்களில் இருவருக்கும் பழகிய தொலைபேசியே இருக்கட்டும்.

புதன்கிழமை வீணான அந்த 97 சதத்தைப் பற்றியும் ஒரு சொல். அம்மா அழைத்தது இங்கே இரவு ஒன்பதரை மணிக்கு. கோடையில் இலங்கை நமக்கு ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே வியாழன் காலை ஏழு மணி, சின்னம்மா கோவிலுக்குப் போகும் நேரம். நவம்பரில் நாம் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளும்போது அந்த இடைவெளி பத்தரை மணியாகும். இலங்கையில் நேரம் மாறுவதில்லை. இங்கே எட்டரை மணிக்கு அழைத்தால் கோடையில் அங்கே காலை ஆறு, குளிர்காலத்தில் ஏழு. எனவே நவம்பரிலிருந்து மார்ச் வரை ஏழரை மணிக்கே அழைக்கும்படி அம்மாவின் புத்தகத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஏற்கெனவே இழந்த பணத்துக்காக, முதலில் அட்டையின் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்து, அழைப்புகளின் விபரப் பதிவைக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் கனடாவின் தொலைத்தொடர்பு – தொலைக்காட்சிச் சேவை முறைப்பாட்டு ஆணையத்துக்கு இலவசமாக எழுதலாம். நிமிடக் கணக்கு விளம்பரமே ஏமாற்று என்று கருதினால், ஏமாற்று விளம்பரங்களை விசாரிக்கும் கனடாவின் போட்டிப் பணியகத்துக்கு அறிவிக்கலாம். உங்கள் அட்டையில் கட்டணங்கள் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருப்பதால் பணம் திரும்பும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அம்மாவின் பக்கத்தையும் கடைப் பற்றுச்சீட்டையும் இணைத்து அனுப்பினால் முறைப்பாட்டுக்கு வலு கூடும்.

மேசை லாச்சிக்குள் பாவித்த அட்டைகள் நாற்பதுக்கு மேல் கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒரு மாலை உட்கார்ந்து, ஒவ்வொன்றின் மீதியையும் கேட்டுப் பாருங்கள். இணைப்புக் கட்டணம் போக ஒரு துண்டுக்காவது பணமிருப்பவற்றைப் பிரித்தெடுத்து, புதிய கணக்கைத் திறப்பதற்கு முன்பு அவற்றைப் பேசி முடியுங்கள். மற்றவற்றைக் குறுக்கே வெட்டி எறிந்துவிடலாம்.